ஏழு மாணவர்களும் மூன்று கிரேக்க எழுத்துகளும்

ஐயா,

உங்கள் கட்டுரையில், வாஷிங்டனில் இருக்கும் மார்ட்டின் லூதர் கிங் நினைவகத்துக்கு முன்கை எடுத்தது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற மாணவர் சகோதரக் கழகம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஃப்ரெடர்னிட்டி என்றாலே ஹாலிவுட் படங்களில் வரும் குடியும் கும்மாளமும்தான் நினைவுக்கு வருகிறது. தங்களை ஒதுக்கிய வெள்ளை மாணவர் கழகங்கள் பெயராக வைத்துக்கொண்ட கிரேக்க எழுத்துகளையே கறுப்பின மாணவர்கள் ஏன் சூடிக்கொண்டார்கள்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

ஒரு வரியில் தாண்டிப் போனது என் சோம்பல்தான்.

இந்தக் கழகம் தொடங்கியது கறுப்பினக் கல்லூரி எதிலும் இல்லை. நியூயார்க் மாநிலத்து இதாக்காவில், வெள்ளை மாணவர்கள் நிறைந்த கார்னெல் பல்கலைக்கழகத்தில். 1904–05 கல்வியாண்டில் அங்கே படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவே இல்லை. எஞ்சியவர்களுக்கு அது பெரிய அடி. வெள்ளை மாணவர்களுக்குத் தங்க அறை, வேளைக்குச் சாப்பாடு, சீனியர்களின் துணை எல்லாம் ஃப்ரெடர்னிட்டி வீடுகளில் கிடைத்தன. கறுப்பின மாணவரும் அந்த வீடுகளுக்குள் போகலாம், பரிமாறும் ஆளாக. ஹென்றி ஆர்தர் காலிஸ் அப்படி வேலை பார்த்தவர். மேஜை மேஜையாகத் தட்டு எடுத்துப் போனவருக்கு அந்த வீடு எதற்கு என்று தெரியாமலா இருக்கும்? எழுத்து கிரேக்கமா தமிழா என்பதா அவருக்குக் கவலை!

உங்கள் தயக்கம் அன்றும் ஒருவருக்கு இருந்தது. அந்தக் கறுப்பின மாணவர்களைக் கூட்டி ஓர் இலக்கியக் கழகமாக நடத்திவந்த பட்டமேற்படிப்பு மாணவர் பாயின்டெக்ஸ்டர், ஃப்ரெடர்னிட்டி வேண்டாம் என்ற பக்கம் நின்றார். மற்றவர்கள் கேட்கவில்லை. 1906 டிசம்பர் 4 அன்று முடிவாகிவிட்டது. 'ஏழு ரத்தினங்கள்' என்று இன்றும் போற்றப்படும் நிறுவனர் வரிசையில் அவர் பெயர் இல்லை. எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிவு உண்டு.

சரி, அந்த ஏழு பேர் என்ன ஆனார்கள்? காலிஸ் மருத்துவரானார். யூஜின் கிங்கிள் ஜோன்ஸ், வேலை தேடி நகரங்களுக்கு வந்த கறுப்பினத்தவருக்காக இயங்கிய நேஷனல் அர்பன் லீக்கைப் பல ஆண்டுகள் நடத்தினார். ஜார்ஜ் கெல்லி பொறியாளர். சாப்மன், மர்ரே, ஓகில் மற்ற மூவர். எனக்குப் பிடித்தவர் வெர்ட்னர் டாண்டி. நியூயார்க் மாநிலத்தில் பதிவுபெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர். கூந்தல் பராமரிப்புப் பொருள்கள் விற்றே பெரும் பணக்காரியான மேடம் சி. ஜே. வாக்கருக்கு, ஹட்சன் ஆற்றங்கரைப் பக்கம் இர்விங்டனில் மாளிகை கட்டிக்கொடுத்தவர்.

குடி, கும்மாளத்தைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. புதிதாகச் சேர்பவர்களை நம் ஊர் ராகிங் போல வதைப்பது. கறுப்பினக் கழகங்கள் சேர்ந்து 1990-இல் பழைய சேர்ப்பு முறையையே கைவிட்டன. ஆனாலும் திரைமறைவில் அடி விழுவது நிற்கவில்லை. அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

அப்புறம், கட்டுரையில் ஒரு திருத்தம். கிங் இளங்கலை படிக்கும்போதே இதில் சேர்ந்ததாக எழுதியிருந்தேன். தவறு. அவர் சேர்ந்தது 1952-இல், பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது. மாற்றிவிட்டேன்.