கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர்களே, சிறுவயதில் உங்களால் மறக்க முடியாத வீட்டுச் சாப்பாடு எது?

எனக்கு ஒரு வாய்கூடக் கிடைக்காத மீன் குழம்பு.

சொந்த ஊர் தூத்துக்குடி. பனிமய மாதா கோயில் மணி எங்கள் அடுப்படிவரை கேட்கும். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, அம்மா பள்ளிக்கூட டீச்சர், மாமா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். சமையல் முழுக்க ஆச்சி கையில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் ஞானோபதேச வகுப்பு, அதாவது பிள்ளைகளுக்கான மறைக்கல்வி நடக்கும், கேள்வியும் பதிலும் கடகடவென்று ஒப்பிப்போம். ஒப்பித்தது என்னவென்று எனக்குக் கொஞ்சமாவது விளங்கியது ஆச்சியின் அம்மி பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

விபூதிப் புதன் தொடங்கி ஈஸ்டர் வரையிலான தவக்காலத்தில் வரும் வெள்ளிக்கிழமைகள் சுத்தபோசன நாள்கள். திருச்சபை விதிப்படி இறைச்சிதான் கூடாது, மீன் சாப்பிடலாம். எங்கள் தெருவில் பல வீடுகளில் அன்றைக்கும் மீன் குழம்புதான் கொதிக்கும். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆச்சிக்கு மட்டும் மனசு ஒப்பாது.

"ஏட்டி, நாம கறி திங்கிறதே மாசத்துல ஒருக்கா. அத விட்டுட்டேன்னு ஆண்டவர்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்ல?"

மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் மீனை விடுவதுதான் தவசு. அது அவள் தீர்ப்பு. எங்களுக்குப் பருப்பும் கத்திரிக்காய்க் கூட்டும். அவளுக்கு ஒருசந்தி, அதாவது நாள் முழுக்க ஒரே நேரச் சாப்பாடு.

ஆனால் வெள்ளிக்கிழமையும் மாமா மீன் கொடுத்தனுப்புவார். அதை வேண்டாமென்று ஆச்சி திருப்பி அனுப்பியதே இல்லை. சாளையோ விளமீனோ, வந்ததை உரசிக் கழுவி, மிளகாய் வற்றலும் மல்லியும் சீரகமும் அம்மியில் அரைத்து, தேங்காயை மட்டும் தனியாக வெண்ணெய்போல வழித்தெடுத்து, புளி கரைத்து மண்சட்டியில் கூட்டிவைப்பாள். மற்ற நாளைவிட அன்றைக்குத்தான் கை நிதானமாக ஓடும். குழம்பு தளதளவென்று கொதித்து எண்ணெய் மேலே மிதந்ததும் இறக்கி, தூக்குச்சட்டியில் ஊற்றி என் கையில் கொடுப்பாள். அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் கணவர் கடலில் போனவர், திரும்பி வரவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள்.

எட்டு வயதில் எனக்கு அது தாங்கவில்லை. நாம் ஆக்குகிறோம், நாம் ஏன் தின்னக்கூடாது என்று அழுதிருக்கிறேன். ஆச்சி கோபப்படவில்லை. "நமக்கு வேண்டாம்னு வச்சத அடுத்த வீட்டுக்குக் குடுத்தாத்தாம்ட்டி ஒருசந்தி. இல்லன்னா அது துட்டு மிச்சம் பிடிக்கிறது" என்றாள்.

ஒரு சங்கடம் என்னவென்றால், விரதத்தில் குழம்பை நாக்கில் வைத்து உப்புப் பார்க்க முடியாது. ஆவியை முகர்ந்துபார்த்தே போடுவாள். நான் வாசல்படி தாண்டும்போது, "உப்பு சரியா இருக்கான்னு கேட்டுட்டு வா" என்று பின்னாலேயே குரல் வரும். பெரியம்மா ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குன்னு சொல்லு" என்பார்.

ஆச்சி விதியைவிட ஒரு படி கூடவே நடந்தவள். நன்மை வாங்க, அதாவது பூசையில் கொடுக்கும் திவ்விய அப்பத்தை வாங்க, முன்பெல்லாம் நள்ளிரவிலிருந்தே வெறும் வயிறாக இருக்க வேண்டும். 1957-ல் அதை மூன்று மணி நேரமாகவும், 1964-ல் ஒரு மணி நேரமாகவும் குறைத்துவிட்டார்கள். ஆச்சி சாகும்வரை நள்ளிரவுக் கணக்குதான். நான் முதன்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மை அன்று என்னையும் அப்படியே இருக்கச் சொல்வாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். பச்சைப்பிள்ளைக்கு அது வேண்டாம் என்று விடியுமுன் எழுப்பி, கருப்பட்டிக் காப்பி ஆற்றிக் கொடுத்தாள். தன் உதட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. பூசை முடிந்து வந்து பேக்கரி மக்ரூன் பொட்டலத்தை என் மடியில் வைத்து, நான் முதல் மக்ரூனைக் கடித்த பிறகுதான் தன் காப்பியை எடுத்தாள். முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் வாயில் கரைந்துபோகும் அந்த மக்ரூனை இன்றைக்குச் சாப்பிட்டாலும் வெள்ளைக் கவுனும் மெழுகுதிரி வாசனையும் கூடவே வந்துவிடுகின்றன.

சாயங்காலம் உலை வைத்துவிட்டுத்தான் செபமாலை தொடங்கும். ஐந்து தேவரகசியம் முடிந்து மன்றாட்டு மாலையில் பாதி போகும்போது சோறு வடிக்கிற பதம் வந்திருக்கும். நாங்கள் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்போம். ஆச்சி அடுப்படியிலிருந்து, தன் சிறுவயதில் படித்த "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்பதையே சொல்வாள். 1542-ல் எங்கள் கரைக்கு வேதம் போதிக்க வந்த பிரான்சிஸ் சவேரியார் செபங்களைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து செபம் எங்களுக்குக் காதில் கேட்டு நாக்கில் ஏறியதுதான். இரண்டு வரிகளும் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒலிக்கும், நடுவில் வடிகஞ்சி சலசலக்கும்.

ஈஸ்டருக்கு முந்தின வியாழனான பெரிய வியாழன் இரவுக்குப் பிறகு கோயில் மணி அடிக்காது, மரப்பலகையைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் தாளிக்க மாட்டார்கள். இது எந்த விதியிலும் இல்லை, ஆச்சியாக வைத்துக்கொண்டது. மணி ஊமையாக இருக்கும்போது சட்டி மட்டும் ஏன் சத்தம் போடணும் என்பாள். பெரிய வெள்ளியன்று பயறு போட்ட கஞ்சி, சுட்ட அப்பளம், வதக்காத தேங்காய்த் துவையல். அந்தக் கஞ்சியின் மொட்டை வாசனையில் சாவு வீட்டில் இருப்பதுபோலவே இருக்கும். மூன்று மணிக்குக் கோயிலுக்குப் போகும்போது யாரும் பேசிக்கொள்ள மாட்டோம்.

சனிக்கிழமை காலையிலேயே ஆட்டுரலில் ஆப்பத்துக்கு அரைத்துவிடுவாள். முன்பு பனங்கள் ஊற்றிப் புளிக்கவைப்பது வழக்கம். 1987-ல் கள்ளைத் தடை செய்த பிறகு இளநீருக்கு மாறினாள். அந்த மணம் வரவில்லை என்று பல வருஷம் குறைப்பட்டுக்கொண்டாள், உண்மையிலேயே வரவில்லை. இரவு ஈஸ்டருக்கான பாஸ்கா பூசையில் புதுத் தீ மூட்டி, உன்னத கீதம் தொடங்கியதும் மணிகள் ஒன்றாக அடிக்கும். வீடு திரும்பி, நடுச்சாமத்தில் ஆச்சி அடுப்பைப் பற்றவைத்து எண்ணெயில் கடுகைப் போடுவாள். அது வெடிக்கும் சத்தத்துக்கு நாங்கள் பிள்ளைகள் கை தட்டுவோம். விடியக் காலையில் ஆப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும். முதல் தட்டு பெரியம்மா வீட்டுக்கு.

மாதா திருவிழாவைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் கோபிப்பார்கள். ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருநாள், மதம் பார்க்காமல் ஊரே கூடும். ரோமாபுரியில் ஆகஸ்ட் மாத வெயிலில் பனி பெய்யவைத்து, தன் கோயிலுக்கு மாதா இடம் காட்டினார் என்பது கதை. பனி என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஆச்சியும் பார்த்ததில்லை. "உப்பளத்துல அம்பாரமா குமிச்சு வச்சிருக்காவள்லா, அதுமாதிரி இருக்கும்" என்றாள். இன்றுவரை மாதா படத்தைப் பார்த்தால் எனக்கு அவர் காலடியில் உப்புதான் தெரிகிறது.

இப்போது தவக்காலத்தில் காளான் பிரியாணி, பன்னீர் என்று விதவிதமாகச் செய்துகொண்டு விரதம் என்கிறோம். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாக்குக்கு ஒரு குறையும் வைக்காமல், அடுத்த வீட்டுக்கும் ஒன்றும் போகாமல் கழிகிற வெள்ளிக்கிழமையை ஆச்சி விரதம் என்றே சேர்த்திருக்க மாட்டாள். நானும் வெள்ளிக்கிழமை மீன் வாங்குகிறேன், ஆக்கிக் கொடுத்துவிடுகிறேன்.

ஆச்சி இறந்த வருஷம், நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று, பெரியம்மாவும் வந்து மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் குழம்பைப் பற்றிப் பேச்சு வந்தது.

"உப்பு பாதி நாள் கூடத்தான் இருக்கும் மக்கா" என்றார். "சில நாள் போடவே மறந்திருப்பாவ. நான் ஒரு நாளும் சொன்னதில்ல."