இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து டிக்கெட்: எங்கே வாங்குவது, ஏன் இவ்வளவு விலை?

கேள்வி: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு நாலு பேர் சென்னையிலிருந்து இங்கிலாந்து போகிறோம். மகன் லிவர்பூல் ரசிகன். கிளப் தளத்தில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. வேறொரு தளத்தில் ஒன்று 240 பவுண்டுக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். விலை அதிகம் என்பது இரண்டாவது காரணம்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்பந்து டிக்கெட்டை கிளப்பின் அனுமதியில்லாமல் மறுபடி விற்பதே கிரிமினல் குற்றம். 1994-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம், 166-ஆவது பிரிவு. லாபம் வைத்து விற்றால்தான் குற்றம் என்றில்லை, வாங்கிய விலைக்கே விற்றாலும் குற்றம். இரண்டு அணி ரசிகர்களையும் தனித்தனியே உட்கார வைக்கும் ஏற்பாடு குலையக் கூடாது என்பதற்காகக் கால்பந்துக்கென்றே வந்த பிரிவு இது. வழக்கு விற்றவர்மேல்தான் வரும், வாங்கியவர்மேல் அல்ல. ஆனால் அந்த டிக்கெட்டை ரத்து செய்யும் உரிமை கிளப்புக்கு உண்டு.

பிளாக்கில் விற்பவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தால் ஆபத்து புரியும். பல பெயர்களில் கிளப் மெம்பர்ஷிப் வாங்கி வைத்துக்கொண்டு, மெம்பர்களுக்கு டிக்கெட் ஒதுக்க கிளப் நடத்தும் குலுக்கலில் நுழைவார்கள். இப்போது டிக்கெட் என்பது காகிதம் அல்ல, போனில் இருக்கும் பாஸ். அதை ஒரு லிங்க்காக உங்களுக்கு அனுப்புவார்கள். அல்லது மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவர் வேறொருவர் பெயரில் உள்ள போனையே கையில் கொடுத்து, ஆட்டம் முடிந்ததும் திருப்பித் தரச் சொல்வார். ஒரே முகவரி, ஒரே வங்கி அட்டையிலிருந்து பல கணக்குகள் ஓடுவதை கிளப் கண்டுபிடித்து முடக்கிவிட்டால், அது உங்களுக்குத் தெரிவது சுழற்கதவில் சிவப்பு விளக்கு எரியும்போதுதான். நாலு பேரில் இருவருக்குப் பச்சையும் இருவருக்குச் சிவப்பும் எரிந்தால் குழந்தையை யாரோடு உள்ளே அனுப்புவீர்கள்?

சரியான வழி இது. முதலில் நாலு பேருக்கும் தனித்தனி மெம்பர்ஷிப் வேண்டும், குழந்தைக்கும் சேர்த்துத்தான். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 50 பவுண்டுக்குள் வரும். பிறகு குலுக்கலுக்குப் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்கான நாட்கள் ஆட்டத்துக்குப் பல வாரங்கள், சில கிளப்புகளில் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். ஆகவே விமான டிக்கெட் எடுத்த பிறகு இதை யோசித்தால் தாமதம்தான். நாலு இடம் சேர்ந்தாற்போலக் கிடைப்பது மிகக் கடினம் என்பதால் இரண்டு இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்யுங்கள்.

குலுக்கலில் விழவில்லை என்றாலும் கதவு மூடிவிடவில்லை. சீசன் முழுவதற்கும் டிக்கெட் வைத்திருப்பவர்கள், வர முடியாதபோது தங்கள் இடத்தைக் கிளப்பிடமே திருப்பித் தருவார்கள். கிளப் அதைத் தன் சொந்தப் பரிமாற்றப் பக்கத்தில் மெம்பர்களுக்கு அதே விலைக்கு விற்கும். கடைசி இரண்டு மூன்று நாட்களில்தான் அங்கே நிறைய இடம் வரும். முந்தின இரவும் ஆட்டத்தன்று காலையும் விடாமல் பாருங்கள். அதுவும் இல்லையென்றால், சாப்பாட்டோடு கிளப்பே விற்கும் விருந்தோம்பல் டிக்கெட் உண்டு. பெரிய கிளப்பில் 200 பவுண்டுக்கு மேல் போகும், ஆனால் உள்ளே விடுவார்கள் என்பது உறுதி.

இன்னொன்று: இந்தியாவில் விற்கும் விலை குறைந்த போன்கள் பலவற்றில் என்எஃப்சி (போனைக் கருவியருகே காட்டினாலே படிக்கும் வசதி) இல்லை. அது இல்லாத போனில் பல கிளப்புகளின் பாஸ் வேலை செய்யாது. கிளம்புவதற்கு முன்பே சோதித்து, வைஃபை இருக்கும் இடத்தில் பாஸை வாலட்டில் ஏற்றிவிடுங்கள். பல மைதானங்களில் ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள்.

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். மறுவிற்பனைத் தளம் ஒன்றில் 2 டிக்கெட் 240 பவுண்டுக்கு வாங்கினேன். வாசலில் செல்லவில்லை. தளம் பதில் சொல்லவில்லை. பணம் திரும்ப வருமா?

பதில்: எப்படிக் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. கிரெடிட் கார்டு என்றால் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவு இருக்கிறது. பொருள் ஒன்றின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால் விற்றவரோடு வங்கிக்கும் பொறுப்பு உண்டு. மொத்தத் தொகையை அல்ல, ஒரு டிக்கெட்டின் விலையைத்தான் பார்ப்பார்கள். உங்களுடையது 120 என்பதால் தாண்டுகிறது. ஆளுக்கு 80 என்றிருந்தால் இந்தப் பிரிவு உதவாது. ஒரு சிக்கலும் உண்டு. தளம் வெறும் இடைத்தரகர், டிக்கெட்டை விற்றவர் வேறொருவர் என்றால், சட்டம் கேட்கும் நேரடித் தொடர்பு அறுந்துவிட்டது என்று வங்கி மறுக்கலாம்.

அப்போது, அல்லது டெபிட் கார்டில் கட்டியிருந்தால், சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேளுங்கள். பொதுவாக ஆட்டம் நடந்த நாளிலிருந்து 120 நாள் அவகாசம். ஆர்டர் உறுதி மின்னஞ்சல், வாசலில் மறுக்கப்பட்ட திரையின் படம், டிக்கெட் அலுவலகம் எழுத்தில் தந்த ஒரு வரி ஆகியவற்றைச் சேருங்கள். அந்த ஒரு வரி வழக்கையே மாற்றும். ஆனால் பெரும்பாலோர் கோபத்தில் அதைக் கேட்காமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இப்போதும் கிளப்புக்கு எழுதிக் கேட்கலாம். வங்கி இறுதியாக மறுத்தாலோ 8 வாரம் பதில் தராவிட்டாலோ வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போங்கள். கட்டணம் கிடையாது. இறுதிப் பதில் வந்த தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். இந்திய அட்டையில் கட்டியவர்களும் தங்கள் வங்கி மூலம் சார்ஜ்பேக் கேட்கலாம். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் புகார் செய்யலாம்.

கேள்வி: சனிக்கிழமை ஆட்டம் என்று ரயில், ஓட்டல் எல்லாம் போட்டேன். டிவிக்காகத் திங்கள் இரவுக்கு மாற்றிவிட்டார்கள். நஷ்டத்தை யார் தருவார்கள்?

பதில்: யாரும் தரமாட்டார்கள், இது ரசிகர்களின் பழைய காயம். டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும். வர முடியாவிட்டால் என்ன செய்யலாம் என்பதை கிளப்பின் விற்பனை விதிகளில் பாருங்கள். ஆன்லைனில் வாங்கியதை 14 நாளில் திருப்பித் தரும் உரிமை, குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்குப் பொருந்தாது.

அட்டவணை முதலில் வெளிவரும்போது வார இறுதி ஆட்டங்களுக்கு வழக்கமாகப் போடும் நேரம் சனி மாலை 3 மணி. பிறகு டிவிக்காரர்கள் பொறுக்குவார்கள்: வெள்ளி இரவு 8, சனி பகல் 12.30, மாலை 5.30, ஞாயிறு 2 மணி, 4.30, திங்கள் இரவு 8. வியாழனன்று ஐரோப்பியப் போட்டி ஆடும் அணியின் லீக் ஆட்டம் அநேகமாக ஞாயிறுக்குப் போகும். டிவி தேர்வு அறிவிக்கும் வரை ரத்து செய்யக்கூடிய ஓட்டல் மட்டும் போடுங்கள். ரயிலில் அட்வான்ஸ் வகை டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. புறப்படும் முன் 10 பவுண்டு வரை கட்டணமும் விலை வித்தியாசமும் கட்டித் தேதி மாற்றலாம். டிசம்பரில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: 25-ஆம் தேதி பிரிட்டனில் ரயில் ஓடாது, 26-ஆம் தேதியும் அநேகமாக இல்லை.

கேள்வி: வீரர்களின் சம்பளம் ஏறிவிட்டது, அதனால்தான் டிக்கெட் விலையை ஏற்றுகிறோம் என்கின்றன கிளப்புகள். உண்மையா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டின் 2023-24 வருமானம் 66.18 கோடி பவுண்டு. அதில் விளம்பர, வணிக வருமானம் 30.29 கோடி, ஒளிபரப்பு 22.18 கோடி, ஆட்டநாள் வருமானம் 13.71 கோடி. ஆட்டநாள் என்பதில் டிக்கெட்டோடு விருந்தோம்பலும் அடக்கம். அதன் மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் சுமார் 74,000 இடம், லீக்கில் சொந்த மைதான ஆட்டம் 19. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பவுண்டு ஏற்றினால் வருடம் முழுக்கக் கிடைப்பது சுமார் 14 லட்சம் பவுண்டு. 66 கோடியில் அது எந்த மூலைக்கு? ஆனால் மாதம் இரண்டு முறை மகனோடு வரும் தந்தைக்கு ஐந்து பவுண்டு உயர்வும் கனக்கும்.

2024 கடைசியில் அந்தக் கிளப், சீசனின் மீதி ஆட்டங்களுக்கான மெம்பர் டிக்கெட்டை ஒரே விலையாக 66 பவுண்டு ஆக்கியது, சிறுவருக்கும் முதியவருக்கும் சலுகை இல்லாமல். இது வெறும் விலை உயர்வு அல்ல. சிறுவனாக வந்தவன்தான் நாற்பது வருடம் வருகிறான். அவனை வாசலிலேயே வெட்டிவிடுகிற வேலை. லண்டன் கிளப்பான டாட்டன்ஹாமில் புதிதாக முதியோர் சலுகை சீசன் டிக்கெட் தருவதை நிறுத்தப்போவதாக 2024-இல் அறிவித்தபோது ரசிகர்கள் கொதித்ததும் இதனால்தான்.

ஏன் ஏற்ற முடிகிறது? மளிகைக் கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். எவர்ட்டன் ரசிகர் அதே ஊரின் எதிரிக் கிளப்பான லிவர்பூலுக்குப் போகமாட்டார். அந்தப் பாசத்துக்குத்தான் விலை வைக்கிறார்கள்.

நின்று பார்க்கும் இடங்களை எடுத்ததிலிருந்துதான் இது தொடங்கியது. 1989-இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் ரசிகர்கள் இறந்த துயரத்துக்குப் பின் வந்த டெய்லர் விசாரணை அறிக்கை எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. அதே அறிக்கை, நின்றவர்களின் சக்திக்குள் விலை வைக்க முடியும் என்றும் சொல்லி, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் இருக்கை 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டு என்று எடுத்துக்காட்டியது. இருக்கைகள் வந்தன, விலை பற்றிய பாதியை மறந்துவிட்டார்கள்.

சேர்ந்து எதிர்த்தால் பலன் உண்டு. 2016 பிப்ரவரி 6, லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டு. புதிய ஸ்டாண்டில் அதிகபட்ச விலை 77 பவுண்டு என்று அறிவித்திருந்தார்கள். சண்டர்லாந்துக்கு எதிராக லிவர்பூல் 2-0 முன்னணியில் இருந்தபோது, 77-ஆவது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். ஆட்டம் 2-2 ஆனது. நான்கே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு 77-ஐக் கைவிட்டார்கள். அதிகபட்சம் 59 என்றே நின்றது.

கேள்வி: நம் அணி எதிரணியின் மைதானத்தில் ஆடும் வெளியூர் ஆட்டத்துக்கு 30 பவுண்டுதான் என்கிறார்களே, எனக்கு ஏன் கிடைப்பதில்லை?

பதில்: 2016-17 முதல் பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு அந்த உச்சவரம்பு உண்டு, அதுவும் ரசிகர்கள் போராடிப் பெற்றது. ஆனால் மொத்தமே அதிகபட்சம் 3,000 இடம். முன்பு எத்தனை வெளியூர் ஆட்டங்களுக்குப் போனீர்கள் என்ற புள்ளிக் கணக்கில் கொடுப்பார்கள். புதியவர்கள் தொலைவான ஊர், வாரநாள் இரவு ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள், அங்கேதான் மிச்சம் இருக்கும். அதற்குப் பதிலாக உள்ளூர் ரசிகர் பகுதியில் டிக்கெட் எடுத்து எதிரணி சட்டையில் உட்கார்ந்தால் வெளியேற்றுவார்கள்.

கேள்வி: ஜெர்மனியில் மட்டும் எப்படி மலிவு?

பதில்: அங்கே கிளப் யாருடையது என்பதில்தான் விடை. 50+1 விதிப்படி, முதலீட்டாளர் எவ்வளவு பணம் போட்டாலும் வாக்குரிமையில் பாதிக்கு மேல் மெம்பர்களின் சங்கத்திடம் இருக்க வேண்டும். லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் கிளப்புகள் போன்ற விதிவிலக்குகள் உண்டு. லைப்சிக் கிளப் வாக்குரிமையுள்ள மெம்பர்களை விரல்விட்டு எண்ணும் அளவில் வைத்துக்கொண்டு விதியின் உயிரை எடுத்துவிட்டது என்பது ரசிகர்களின் குற்றச்சாட்டு. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. மற்றபடி தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் இறக்குவதும் டிக்கெட் வாங்குகிறவர்கள்தான். ஆகவே நின்று பார்க்கும் இடங்களை எடுக்கவில்லை. டார்ட்மண்டின் தெற்கு ஸ்டாண்டில் சுமார் 25,000 பேர் நிற்கிறார்கள்.

2023 டிசம்பரில் லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்கப் பேச ஜெர்மன் கிளப்புகள் வாக்களித்தன. வாராவாரம் ரசிகர்கள் எதிர்ப்பாக எறிந்த டென்னிஸ் பந்துகளும் சாக்லேட் காசுகளும் மைதானத்தில் மழையாக விழுந்து ஆட்டங்கள் நின்றன. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

கேள்வி: இங்கிலாந்தில் புதிய ஒழுங்குமுறை ஆணையம் வந்திருக்கிறதே, விலை பற்றி அங்கே புகார் செய்யலாமா? என் ஊர்க் கிளப்பின் நிலையும் கவலையாக இருக்கிறது.

பதில்: விலையை அது நிர்ணயிக்காது. 2021 ஏப்ரலில் ஆறு ஆங்கிலக் கிளப்புகள் ஐரோப்பியப் பெரிய கிளப்புகள் தனியே தொடங்க முயன்ற சூப்பர் லீக்குக்கு ஓடப்பார்த்து, இரண்டே நாளில் ரசிகர்கள் தெருவுக்கு வந்து தடுத்ததன் தொடர்ச்சிதான், இந்த ஆணையத்தை உருவாக்கிய 2025-ஆம் ஆண்டின் கால்பந்து நிர்வாகச் சட்டம். மேல் ஐந்து டிவிஷன்களில் உள்ள கிளப்புகள் இனி உரிமம் பெற வேண்டும், டிக்கெட் விலை பற்றி ரசிகர்களைக் கலந்து பேச வேண்டும். சின்னத்தையும் சட்டை நிறத்தையும் ரசிகர் சம்மதமின்றி மாற்ற முடியாது. கார்டிஃப் சிட்டியின் நீலச் சட்டை 2012-இல் உரிமையாளர் விருப்பப்படி சிவப்பாகி, 2015-இல்தான் மீண்டும் நீலமானது. உங்கள் கிளப்பில் இந்தக் கலந்துரையாடலுக்கு யார் போகிறார்கள் என்று கேளுங்கள். ரசிகர் அறக்கட்டளை (ரசிகர்களே நடத்தும் அமைப்பு) இருந்தால் அதில் சேருங்கள், பெரும்பாலும் ஆண்டுச் சந்தா மிகக் குறைவு. தனி மின்னஞ்சலை ஒதுக்கிவிடுவார்கள், அறக்கட்டளைக் கடிதத்தை அப்படிச் செய்வது கடினம்.

கிளப்பின் உடல்நிலையை நீங்களே பார்க்கலாம். பிரிட்டிஷ் அரசின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் கணக்குகள் இலவசம். மூன்று இடங்களைப் பாருங்கள்: வருமானத்தில் சம்பளம் எத்தனை சதவீதம், மைதானம் எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, அதன்மேல் என்ன அடமானம் பதிவாகியிருக்கிறது. அடமானங்கள் தனிப் பட்டியலாகவே இருக்கும். தனியார் நிறுவனம் நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் அது தளத்திலேயே தெரியும்.

1885-இல் தொடங்கி இரண்டு முறை எஃப்ஏ கோப்பை வென்ற பெரி கிளப் 2018 டிசம்பரில் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அடுத்த வசந்தத்தில் அணி ஒரு டிவிஷன் மேலே ஏறியது, வீரர்களுக்கோ சம்பளம் வரவில்லை. 2019 ஆகஸ்ட் 27 அன்று இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்கிலிருந்து கிளப் நீக்கப்பட்டது. உங்கள் கிளப்பில் ஊழியர்களுக்குச் சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போனதாகக் காதில் விழுந்தால், அன்றைக்கே அறக்கட்டளைக்குத் தெரியப்படுத்துங்கள்.