புதுப்புளி வந்தாச்சு, கருப்பட்டிக்கு இன்னும் 10 நாள் பொறுங்க: வாசகர் கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல கருப்பட்டி பத்தியும் பை பத்தியும்தான், அதனால அது ரெண்டுக்கும் கொஞ்சம் நீளமாவே எழுதியிருக்கேன். அதுக்கு முன்னாடி பாளையங்கோட்டைல நாங்க நடத்துற இயற்கை அங்காடில இப்ப என்ன இருக்குன்னு சொல்லிடுறேன். பங்குனி பிறந்ததுமே புதுப்புளி வந்துடுச்சு, ஓடு உடைச்சது, கொட்டை எடுக்காதது. வாங்கிட்டுப் போய் கொட்டை எடுத்து ரெண்டு நாள் நல்லா வெயில்ல போட்டு, கல்லுப்பு தூவித் தூவி ஜாடில அடைச்சு வெச்சீங்கன்னா அடுத்த பங்குனி வரைக்கும் கவலை இல்ல. ஈரோட்டு மஞ்சள் புதுசு இருக்கு, ராமநாதபுரம் குண்டு மிளகாய் வந்துட்டே இருக்கு, தை அறுவடைல வந்த மாப்பிள்ளை சம்பாவும் தூயமல்லியும் இருக்கு. வேப்பம்பூ இப்பதான் மரத்துல பூக்க ஆரம்பிச்சிருக்கு, சித்திரை ஒண்ணாந்தேதி பச்சடிக்கு வேணும்னா தெருவுல வேப்பமரம் இருக்கறவங்க கீழ ஒரு வேட்டிய விரிச்சு நீங்களே சேத்துக்கோங்க, எங்ககிட்ட காசு குடுத்து வாங்க வேண்டாம். சாமையும் குதிரைவாலியும் போன அறுவடையோடது, கொஞ்சம்தான் மிச்சம்.

கேள்வி: மாசி மாசம் உங்க கடைக்கு வந்தேன், கருப்பட்டி இல்லன்னு சொல்லிட்டீங்க. ஆனா பஜார்ல எல்லாக் கடைலயும் வருஷம் பூரா கிடைக்குதே, விலையும் கம்மியா இருக்கே? — வாசகி, அம்பாசமுத்திரம்

நீங்க வெறுங்கையோட திரும்பிப் போனது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா, சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா பனை வருஷம் பூரா பதநீர் குடுக்காது. பாளை வர்ற காலத்துலதான் சீவ முடியும், நம்ம தூத்துக்குடி பக்கம் மாசி பங்குனில ஆரம்பிச்சு சித்திரை வைகாசி ஆனில நல்லா இறங்கும், அப்புறம் குறைஞ்சிடும். அந்த மாசங்கள்ல காய்ச்சி வெச்சதுதான் வருஷம் முழுக்க, அதனால மாசில இல்லன்னு சொன்னா போன சீசன் சரக்கு தீந்து போச்சு, புதுசு இன்னும் காய்ச்சலன்னு அர்த்தம், வேற ஒண்ணும் இல்ல.

எப்படிக் காய்ச்சுறாங்கன்னு ஒரு தடவை உடன்குடி பக்கம் போய்ப் பாத்தீங்கன்னா விலை ஏன் அப்படி இருக்குன்னு யாரும் சொல்லாமலே புரிஞ்சிடும். அந்தச் செம்மண் தேரில பனையேறி விடியுறதுக்கு முன்னாடியே மரம் ஏற ஆரம்பிச்சிடுவார், பாளைய மெல்லிசா சீவிவிட்டு, உள்ளுக்குள்ள சுண்ணாம்பு தடவின கலயத்தைக் கட்டிட்டு இறங்கி அடுத்த மரம், மறுபடி சாயங்காலம் அதே மரம். சுண்ணாம்பு இல்லன்னா புளிச்சுக் கள்ளாயிடும். இறக்கின பதநீரை அன்னைக்கே காய்ச்சியாகணும், பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைங்கதான் அந்த அடுப்புப் புகைல மணிக்கணக்கா நின்னு கிண்டுறாங்க, பதம் வந்ததும் சிரட்டைல ஊத்தி ஆற வைக்கிறாங்க. ஒரு கிலோ கருப்பட்டிக்கு சுமாரா 8-10 லிட்டர் பதநீர் வேணும். அத்தனை தடவை ஏறி இறங்கின ஒரு பொருள் சீனி விலையை ஒட்டி விக்குதுன்னா அதுல சீனி இருக்கு, அவ்வளவுதான்.

நானே ஏமாந்திருக்கேன். 4 வருஷத்துக்கு முன்னாடி ஐப்பசி மாசம் கடைல சரக்கு இல்லைங்கற அவசரத்துல புது வியாபாரி ஒருத்தர்கிட்ட 60 கிலோ எடுத்துட்டேன், பாக்க நல்லா கருப்பா வழவழன்னு இருந்துச்சு. ஒரு ஆச்சி மூணாம் நாள் திரும்பக் கொண்டு வந்து, காப்பில போட்டா இனிப்பு இருக்கு, பனை மணம் எங்கயா இருக்குன்னு கேட்டாங்க. உடைச்சுப் பாத்தா உள்ள கல்கண்டு மாதிரி மினுமினுன்னு இருக்கு. பில் நோட்டைப் பாத்து வாங்கினவங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு பணத்தைத் திருப்பிக் குடுத்தோம். அதுக்கப்புறம்தான் ஒரு முடிவு எடுத்தேன், காய்ச்சுற வீட்டை நேர்ல பாக்காம கருப்பட்டி எடுக்கறது இல்ல, தீந்து போச்சுன்னா தீந்து போச்சுன்னு போர்டு எழுதி வெச்சிடுறது.

உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது, சந்தோஷமான விஷயம்தான், ஆனா உடன்குடின்னு அட்டைல அடிச்சிருக்கறதெல்லாம் அங்க இருந்துதான் வந்துச்சுன்னு அதை மட்டும் வெச்சு நம்பிடாதீங்க. இந்த வருஷப் புதுக் கருப்பட்டி இன்னும் 10 நாள்ல வந்துடும். வாங்கறவங்க ஆனிக்குள்ள வருஷத்துக்கு வேண்டியத வாங்கி, காத்துப் புகாத பாத்திரத்துல போட்டு அடுப்பங்கரை பரண்ல சூடு படுற இடமா வைங்க. கார்த்திகை மழைல அது கசிஞ்சு இளகினா பயப்படாதீங்க, ஈரத்தை இழுக்கறது அதோட குணம்.

கேள்வி: எனக்கு சுகர் இருக்கு. வெள்ளைச் சீனிக்குப் பதிலா கருப்பட்டி தாராளமா சாப்பிடலாமா? — வாசகர், கோவில்பட்டி

வேண்டாங்கய்யா. விக்கிறவனே சொல்றேன், கருப்பட்டிலயும் பெரும்பகுதி சர்க்கரைதான், ரத்தத்துல சர்க்கரை ஏறத்தான் செய்யும். டாக்டர் சொல்ற அளவுதான் அளவு.

கேள்வி: இப்ப ஜவுளிக்கடை, ஸ்வீட் கடைலல்லாம் துணி மாதிரியே ஒரு பை தர்றாங்க. அது துணியா பிளாஸ்டிக்கா? உங்க கடைல பையே தர மாட்டீங்களாமே, திடீர்னு வர்றவங்க என்ன பண்றது? — வாசகி, நாகர்கோவில்

அது பிளாஸ்டிக்தாங்க. கைல தொட்டா துணி மாதிரி இருக்கும், ஆனா நூல் கிடையாது, நெய்யல, பாலிபுரொப்பிலீனை உருக்கி ஒட்டினது. ஒரு ஓரத்தை இழுத்துப் பாருங்க, நூல் பிரியாது, பஞ்சு மாதிரி கிழியும். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1லருந்து தடை பண்ணின 14 பொருள்ல இந்தப் பையும் ஒண்ணு, நிறைய பேருக்குத் தெரியாது, தெரிஞ்ச கடைக்காரங்களும் துணிப்பைன்னே சொல்லிக் குடுக்கறாங்க. பேப்பர் கப்பும் அந்த லிஸ்ட்ல இருக்கு, ஏன்னா உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, அது இல்லாம சூடா டீ ஊத்தினா பேப்பர் ஊறிப்போயிடுமே. மக்கும் பைன்னு பச்சை கலர்ல வருதே, அது பெரும்பாலும் நல்ல சூட்டுல நடக்கற பெரிய உரக் கூடத்துக்குப் போனாத்தான் மக்கும், நம்ம வாய்க்கால்ல போட்டா ரொம்ப நாள் அப்படியேதான் கிடக்கும்.

இதுல நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான், சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு புதுசா ஒரு பொருள் வாங்காதீங்க. புது மூங்கில் டப்பா, புது கண்ணாடி ஜார், அழகா பிரிண்ட் போட்ட காட்டன் பை, இதெல்லாம் வாங்கி வைங்கன்னு கம்பெனிக்காரங்க வந்து மாதிரி காட்டிட்டுப் போறாங்க, நான் வைக்கல. பருத்தி விளைய வைக்கவே எவ்வளவு தண்ணி, எவ்வளவு மருந்து, அந்தப் பைய பத்துத் தடவை தூக்கிட்டு மூலைல போட்டா பிளாஸ்டிக் பைய விட நல்லதுன்னு சொல்ல முடியாது, நூறு தடவைக்கு மேல தூக்கணும். உங்க வீட்ல கல்யாண வீட்டு மஞ்சப்பை எத்தனை இருக்குன்னு பீரோவைத் திறந்து எண்ணிப் பாருங்க. 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு அரசாங்கமே இயக்கம் ஆரம்பிச்சுது, ஆனா நம்ம வீட்டுல அது எப்பவுமே இருந்துச்சு, வெளில எடுத்துட்டு வரத்தான் கூச்சப்பட்டோம்.

கடைல எப்படின்னா, பருப்பு, அரிசி, சிறுதானியம் எல்லாம் சாக்குலயும் டின்லயும் திறந்துதான் இருக்கும். நீங்க கொண்டு வர்ற டப்பாவையோ தூக்கையோ முதல்ல காலியா நிறுத்து, எடையை மூடி மேல சாக்பீஸ்ல எழுதிட்டு, அப்புறம்தான் சாமான் போடுவோம், அதனால டப்பா எடைக்கும் சேத்து காசு வாங்குறோமோன்னு நினைக்க வேண்டாம். நல்லெண்ணெய், கடலெண்ணெய்க்கு எவர்சில்வர் தூக்கு கொண்டு வாங்க, உள்ள ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் எண்ணெய் காறிப்போகும், அதனால நல்லாத் துடைச்சு வெயில்ல காய வெச்சு கொண்டு வாங்க. திடீர்னு வர்றவங்களுக்காக வாசல்ல ஒரு கூடை இருக்கு, வாடிக்கையாளருங்க வீட்ல அதிகமா இருந்த பைகளைத் துவைச்சுக் கொண்டு வந்து போட்டது, எடுத்துட்டுப் போங்க, அடுத்த தடவை வரும்போது போட்டுடுங்க. போன ஆடில வெச்சோம், கூடை ஒரு நாள் கூட காலியாகல, சில நாள் நிரம்பி வழியுது.

கேள்வி: உங்க கடைல வாங்கின மாப்பிள்ளை சம்பால ஒரே மாசத்துல வண்டு. பழைய அரிசியா? — வாசகர், பாளையங்கோட்டை

பழசு இல்லங்க, தை அறுவடைதான். வண்டு மருந்து போடாத அரிசில வரும், தவிடு போகாத அரிசில இன்னும் சீக்கிரம் வரும், முட்டை வயல்லயோ குடோன்லயோ இருக்கும்போதே அரிசிக்குள்ள போயிருக்கும், நம்ம வீட்டுச் சூட்டுல பொரிக்குது. அதுக்காக சங்கடத்தை நீங்களே தாங்கிக்கணும்னு சொல்லல, கொண்டு வாங்க, மாத்திக் குடுக்கறேன். இனிமே ஒரு மாசத்துக்கு வேண்டியது மட்டும் வாங்குங்க. ஃப்ரீசர்ல இடம் இருந்தா 4 நாள் வெச்சு எடுங்க, முட்டையும் சேத்துப் போயிடும். இல்லன்னா வசம்பு ரெண்டு துண்டு, காஞ்ச வேப்பிலை. வண்டு வந்த அரிசிய சுள்ளுன்னு அடிக்கற வெயில்ல போட்டுடாதீங்க, அரிசி நொறுங்கிடும், நிழல்ல பரப்பினாலே அதுங்க ஓடிடும். இன்னொண்ணு, கம்பு மாவு அரைச்சு வைக்கவே வைக்காதீங்க, ஒரு வாரத்துலயே கசப்பு தட்டிடும், முழுக் கம்பா வாங்கி அப்பப்ப அரைச்சுக்கோங்க.

இந்த அரிசி நம்ம கைக்கு வந்த வழியையும் இதோட சொல்லிடுறேன். திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் ஐயா, இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஐயா காட்டின வழில, காணாமப் போயிட்டு இருந்த 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் தேடிச் சேத்தார். நெல் திருவிழாவுக்கு வர்ற விவசாயிக்கு 2 கிலோ விதை குடுப்பாங்க, அவர் விளைய வெச்சு அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பித் தரணும், காசு இல்ல. 2018 டிசம்பர்ல ஜெயராமன் ஐயா காலமாயிட்டார். எங்களுக்கு மாப்பிள்ளை சம்பா தர்ற விவசாயியும் அப்படி 2 கிலோல ஆரம்பிச்சவர்தான், அஞ்சாறு மாசப் பயிர், ஆளு உயரத்துக்கு வளரும், காத்தடிச்சா சாயும், குட்டை ரகம் மாதிரி மூட்டை மூட்டையா விளையாது. கிலோவுக்கு நீங்க கூடக் குடுக்கற காசு அதுக்குத்தான் போகுது.

கேள்வி: ஆர்கானிக்னு போர்டு வெச்சா நம்பிடறதா? சர்டிஃபிகேட் எப்படிப் பாக்குறது? — வாசகி, மதுரை

நம்பாதீங்க, கேளுங்க. பாக்கெட்ல வர்ற பொருள்னா இயற்கை விளைபொருளுக்கான ஜைவிக் பாரத் முத்திரை இருக்கணும், அதுக்குப் பின்னால ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு சான்றளிக்கற நிறுவனம் வந்து வயலைச் சோதிக்கறது, நம்ம மாநிலத்துலயே அதுக்கு அரசுத் துறை இருக்கு. இன்னொண்ணு பி.ஜி.எஸ்., விவசாயிங்க குழுவா சேந்து ஒருத்தர் வயலை ஒருத்தர் பாத்து உறுதி சொல்றது. உரம் நிறுத்தின மறுநாளே சான்று கிடைக்காது, நெல்லு மாதிரிப் பயிருக்கே ரெண்டு வருஷம் மாதிரி மாறுற காலம் ஆகும். அந்த ரெண்டு வருஷம் விளைச்சலும் குறையும், கூடுதல் விலையும் கிடைக்காது, நிறைய பேர் அங்கதான் விட்டுட்டுப் போறாங்க. அதனால எங்க கடைல அந்த மாறுற காலத்து விளைச்சலையும் வாங்குறோம், ஆர்கானிக்னு சொல்லாம, உரம் நிறுத்தி எத்தனை வருஷம்னு சாக்கு மேலயே எழுதி வெச்சு விக்கிறோம். நீங்க மதுரைல எந்தக் கடைக்குப் போனாலும் எந்த ஊர், யாரு வயல், எப்ப அறுத்ததுன்னு மூணு கேளுங்க, கடைக்காரர் முகத்தைப் பாருங்க.

கேள்வி: கினோவா, சியா விதை எல்லாம் ஏன் வைக்க மாட்டேங்கறீங்க? என் பொண்ணு டயட்ல இருக்கா. — வாசகி, தென்காசி

கினோவா மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல, நல்ல தானியம், பெருவுலயும் பொலிவியாலயும் மலைல இருக்கறவங்க காலங்காலமா சாப்பிடுறது. அவங்க மலைக்கு அது, நம்ம மானாவாரிக்கு குதிரைவாலியும் சாமையும் வரகும். அவ்வளவு தூரத்துல இருந்து வர்றதை விட கோவில்பட்டி கரிசல்ல மழைய மட்டும் நம்பி விளையுறதை விக்கணும்னு எனக்கு ஆசை. சியா மாதிரி ஊறி வழவழன்னு வரணும்னா சப்ஜா இருக்கு, நம்ம திருநீத்துப் பச்சிலை விதை, வெயில் காலத்துக்கு நன்னாரி சர்பத்துல போட்டுக் குடுங்க. குதிரைவாலி இப்ப ஒரு மூட்டைதான் மிச்சம் இருக்கு, பொண்ணுக்கு வேணும்னா இந்த வாரத்துக்குள்ள வாங்க, ஒரு 2 கிலோ எடுத்து தனியா வெச்சிருக்கேன், டப்பா மட்டும் மறக்காம கொண்டு வாங்கம்மா.