அப்பாவின் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை மண் பாதைக்கு மாற்ற முடியுமா? (கடலூர்)

தாராளமாக. 98 சிசி டூ-ஸ்ட்ரோக், எடை குறைவு. தேவனாம்பட்டினம் பக்கத்துச் சவுக்குத் தோப்பு மணலுக்கும் ஆரோவில் செம்மண்ணுக்கும் ஏற்ற வண்டி. ஆனால் டயர் வாங்க ஓடாதீர்கள்.

முதலில் துரு. உப்புக்காற்றில் நின்ற வண்டியில் டேங்குக்கு அடியிலும் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) மூட்டிலும்தான் அரிப்பு ஒளிந்திருக்கும். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கிராங்க் ஆயில் சீல், அதாவது இன்ஜினின் கிராங்க் தண்டு முனைகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். பலரும் போர் மட்டும் அடித்துவிட்டு (சிலிண்டர் உட்புறத்தைக் கடைந்துவிட்டு) இதை விட்டுவிடுவார்கள். நாள்பட நின்றால் ரப்பர் காய்ந்து இறுகி, அந்த வழியே காற்று உள்ளே புகும். பெட்ரோல் விகிதம் குறைந்து சூடேறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: காப்பிப்பொடி நிறம் என்றால் நல்லது, சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் எங்கோ காற்று கசிகிறது.

பிறகுதான் மாற்றம். பின் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) இரண்டு மூன்று பல் கூட்டினால் மணலில் இழுவை வரும், டாப் ஸ்பீடு குறையும். மண்ணைப் பிடிக்கும் கட்டை கட்டையான பட்டன் டயர், அகலமான ஹேண்டில்பார் போடுங்கள். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவி எண்ணெய் தடவுங்கள். செம்மண் தூசி மாவு மாதிரி உள்ளே போகும்.

சைலன்ஸரை அறுக்காதீர்கள். டூ-ஸ்ட்ரோக்கில் இன்ஜின் சக்திக்கு அதன் வடிவமும் முக்கியம். ஆர்.சி.க்கு (பதிவுச் சான்றிதழுக்கு) முரணான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவும் அனுமதிக்காது. 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் பதிவு புதுப்பித்தலை முதலில் முடித்துவிடுங்கள்.