பாரசீகம் படிக்க விரும்பும் மகளும் நின்றுபோன உதவித்தொகையும்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறோம். எங்கள் மகள் இங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஓராண்டு பாரசீக மொழி பயின்றிருக்கிறாள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்பது அவள் விருப்பம். வெளிநாட்டு மொழி பயில்வோருக்குக் கூட்டாட்சி அரசு தரும் 'ஃப்ளாஸ்' உதவித்தொகையை நம்பியிருந்தோம். அது நின்றுவிட்டது என்கிறார்கள். நாங்கள் குடும்பத்தோடு கிரீன் கார்டு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதைத் தொடர்வதா, பொருளாதாரத்துக்கு மாறச் சொல்வதா, அல்லது பணம் கிடைக்கக்கூடிய வேறு மொழிக்கு மாறச் சொல்வதா? அவளுக்கு வீட்டில் தமிழ் பேச வரும், சரளமாகப் படிக்க வராது. தமிழுக்கே உதவித்தொகை வாங்க முடியுமா?

பதில்: அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் நான்கு கேள்விகள் இருந்தாலும், அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரே ஒரு அரசு நிதியை நம்பி மகளின் படிப்பை அமைக்கலாமா என்பது. அமைக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் அதற்காக அவர் படிப்பை விட வேண்டியதில்லை.

ஃப்ளாஸ் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொன்னால் அதன் பலவீனம் புரியும். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அந்த அதிர்ச்சியில் 1958 செப்டம்பர் 2 அன்று அதிபர் ஐசன்ஹோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அறிவியலுக்கும் கணிதத்துக்கும் பணம் ஒதுக்கிய அச்சட்டத்தின் ஆறாம் பிரிவு, அமெரிக்கர்கள் அறியாத மொழிகளையும் அவை வழங்கும் நிலப்பகுதிகளையும் பல்கலைக்கழகங்களில் கற்பிக்க வழி செய்தது. 1980-இல் அப்பிரிவு உயர்கல்விச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. இன்றும் 'டைட்டில் சிக்ஸ்' என்றே அதை அழைக்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழும் பாரசீகமும் வங்காளமும் வேரூன்றியதில் இந்த நிதிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் நாட்டின் பாதுகாப்பு குறித்த அச்சத்தில் பிறந்த நிதி, அந்த அச்சம் கூடும்போது கூடும், குறையும்போது குறையும். சட்டம் நிலைத்திருந்தாலும், ஆண்டுதோறும் நாடாளுமன்றம் பணம் ஒதுக்கி, அதைக் கல்வித்துறை விடுவித்தால்தான் மாணவர் கைக்கு எதுவும் வரும். 2011-இலும் இந்நிதி பெரும் வெட்டுக்கு உள்ளானது. 2025 மார்ச்சில் இத்திட்டங்களை நடத்திய அலுவலகத்தின் ஊழியர்கள் ஆட்குறைப்பில் நீக்கப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், நான்காண்டுச் சுழற்சியின் கடைசி ஆண்டுக்கான தொடர்நிதியைக் கல்வித்துறை நிறுத்தியது. நீங்கள் கேள்விப்பட்டது அதுதான்.

பாரசீகத்தில் இரண்டாம் ஆண்டுக்குள் நுழையும் ஒரு பிள்ளையிடம், படிப்புக்கு நடுவில் பணம் இல்லை என்று சொல்வது எத்தகைய இழப்பு என்பதை அந்த மொழிகளைக் கற்பிப்பவர்கள் நன்கு அறிவார்கள். மொழிப் பயிற்சி இடையில் அறுந்தால் விட்ட இடத்தில் தொடர முடிவதில்லை. பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். அதனால்தான் மாற்று வழிகளை இப்போதே பார்க்கச் சொல்கிறேன்.

முதலில், ஃப்ளாஸ் மீண்டும் வந்தால் உங்கள் மகள் அதற்குத் தகுதியானவரா? தகுதியானவரே. குடிமக்களோடு நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களும் விண்ணப்பிக்கக்கூடிய மிகச் சில கூட்டாட்சி மொழி உதவிகளில் இதுவும் ஒன்று. அதற்கு நேரடியாக அரசிடம் விண்ணப்பிப்பதில்லை; நிதி பெற்ற பல்கலைக்கழகத்தில் உலகின் ஒரு நிலப்பகுதியை ஆராயும் வட்டார ஆய்வு மையத்திடம், பெரும்பாலும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் விண்ணப்பிக்க வேண்டும். இளநிலை மாணவராயின், பரவலாகக் கற்பிக்கப்படாத ஒரு மொழியில் இடைநிலை அல்லது உயர்நிலை வகுப்பில் இருக்க வேண்டும். ஓராண்டுப் பாரசீகம் முடித்துவிட்டதால் அவர் அந்த வாசலைத் தாண்டிவிட்டார். மொழி வகுப்போடு அந்த நிலப்பகுதி பற்றிய பாடம் ஒன்றையும் உடன் படிக்க வேண்டும். கடைசியாக நடைமுறையில் இருந்த சுழற்சியில், இளநிலை மாணவருக்குக் கல்விக் கட்டணமாக 10,000 டாலர் வரையும் வாழ்க்கைச் செலவுக்கு 5,000 டாலரும் கிடைத்தன. முதுநிலை, முனைவர் பட்ட மாணவருக்கு 18,000 டாலர் வரையும் 20,000 டாலரும். கோடைக்கால வகுப்புக்கு 5,000 டாலர் வரையும் 3,500 டாலரும். பொருளாதாரத் தேவை உள்ளவருக்கு முன்னுரிமை உண்டு என்பதால், கிடைக்காது என்று நீங்களே முடிவு கட்டாமல், ஆண்டுதோறும் கூட்டாட்சி மாணவர் நிதியுதவிக்கான ஃபாஃப்ஸா படிவத்தை நிரப்பி வையுங்கள். அவருடைய பல்கலைக்கழகத்திலோ அவர் சேர விரும்பும் இடத்திலோ உள்ள மையத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் நேரில் கேட்பதே போதும். செய்தித்தாள்களைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் உங்கள் குடும்பத்துக்கு மிகவும் பயன்படும் என்று நினைக்கிறேன். வெளியுறவுத்துறையின் 'கிரிட்டிக்கல் லாங்குவேஜ் ஸ்காலர்ஷிப்', 'கில்மன்', 'ஃபுல்பிரைட்' மாணவர் திட்டம், பாதுகாப்புத்துறை சார்ந்த 'போரன்' ஆகிய உதவித்தொகைகள் அனைத்தும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுக்கே உரியவை. கிரீன் கார்டு போதாது. கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டுகள் நிறைவதற்கு 90 நாள் முன்பிருந்தே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் மகள் 18 வயதைக் கடந்துவிட்டதால், நீங்கள் குடியுரிமை பெற்றாலும் அது தானாக அவரைச் சேராது. அவர் தம் பெயரில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பல பெற்றோர் இதை அறியாமல் ஓரிரு ஆண்டுகளை வீணாக்கிவிடுகிறார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. குடியுரிமைக்கு, அந்த ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மாதங்கள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் தொடர்ச்சியான வசிப்பு குறித்துக் கேள்வி எழும். ஓராண்டு ஆகிவிட்டால் தொடர்ச்சியே அறுந்துவிடும். ஆகவே மொழி பயில ஓராண்டு, பாரசீகத்தின் ஒரு வடிவம் வழங்கும் தஜிகிஸ்தானுக்கோ வேறெங்கோ போகலாம் என்று இப்போது யாராவது ஆசை காட்டினாலும் அவர் பொறுத்திருக்க வேண்டும். குடியுரிமை கைக்கு வரும் வரை உள்நாட்டுக் கோடைக்கால வகுப்புகளே அவருக்கு உகந்தவை. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகமும் இண்டியானா பல்கலைக்கழகமும் இவ்வகைத் தீவிரக் கோடைப் பயிற்சிக்குப் பெயர் பெற்றவை. ஒரு கோடையில் ஓராண்டுப் பாடத்தை முடித்துவிடலாம்.

குடியுரிமை கிடைத்த பின் திறக்கும் கதவுகளில், கில்மன் இளநிலை மாணவருக்கு மட்டும் உரியது. பொருளாதாரத் தேவையுள்ள இளநிலை மாணவருக்குக் கூட்டாட்சி அரசு தரும் 'பெல் கிராண்ட்' பெறுபவராகவும் இருக்க வேண்டும். வழக்கமாக 5,000 டாலர் வரையும், பாரசீகம் போன்ற முக்கிய மொழி பயில்வோருக்கு 8,000 டாலர் வரையும் தருகிறார்கள். அவர் மூன்றாம் ஆண்டில் இருப்பதால் இதற்கு நேரம் போதாமல் போகலாம். கிரிட்டிக்கல் லாங்குவேஜ் திட்டம் கோடையில் முழுச் செலவையும் ஏற்று மாணவரை அனுப்புவது. பட்டப்படிப்பின் எந்த நிலையிலும் முயலலாம். போரன் இளநிலை மாணவருக்கு 25,000 டாலர் வரை தருகிறது. அதற்கு ஈடாகப் படிப்பு முடிந்தபின் குறைந்தது ஓராண்டு கூட்டாட்சி அரசில், நாட்டின் பாதுகாப்போடு தொடர்புடைய பணியில் சேர வேண்டும். இந்தக் கடப்பாட்டைப் பற்றி மகளோடு மனம் திறந்து பேசுங்கள். அரசுப்பணியில் நாட்டம் உள்ளவருக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் பல நாட்டு ஆவணக் காப்பகங்களில் நம்பிக்கையைச் சம்பாதித்து வேலை செய்ய வேண்டிய வரலாற்று ஆய்வாளர், தம் படிப்புக்கு எந்தத் துறையின் பணம் வந்தது என்ற கேள்வியை எதிர்கொள்ள நேரிடும். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

இப்போது மையமான கேள்விக்கு வருகிறேன். உங்கள் மகளின் இலக்கு முனைவர் பட்டம் என்றால், உண்மையான அடித்தளம் ஃப்ளாஸ் அன்று, முனைவர் பட்ட மாணவர் சேர்க்கையோடு பல்கலைக்கழகமே தரும் நிதிதான். நல்ல துறைகளில் கல்விக் கட்டண விலக்கும், பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்கான உதவித்தொகையும் எழுத்தில் உறுதி செய்யப்படுகின்றன; அதில் சில ஆண்டுகள் இளநிலை மாணவருக்குப் பாடம் நடத்தும் பொறுப்பு சேர்ந்து வரும். ஃப்ளாஸ் கிடைத்தால் ஓராண்டு அந்தப் பொறுப்பிலிருந்து விடுபட்டு மொழியில் முழுக் கவனம் செலுத்தலாம். கிடைக்காவிட்டாலும் படிப்பு நிற்காது. மாறாக, சொந்தப் பணத்திலோ கடன் வாங்கியோ வட்டார ஆய்வில் முதுகலைப் பட்டம் படிக்க வைக்காதீர்கள். ஃப்ளாஸை நம்பி இப்படி முதுகலையில் சேர்ந்து, முதல் ஆண்டோடு நிதி நின்றால், இரண்டாம் ஆண்டை யார் தாங்குவது? இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எழுத்தில் நிதி உறுதி இல்லாத எந்தச் சேர்க்கையையும் ஏற்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

அந்த அடித்தளமும் இன்று முன்புபோல் உறுதியாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தென்னாசிய ஆய்வுக்குப் புகழ்பெற்ற சிகாகோ பல்கலைக்கழகமே, 2026-27 கல்வியாண்டுக்குக் கலைகள், மனிதப் பண்பியல் (ஹியூமானிட்டீஸ்) புலத்தின் பல துறைகளில் முனைவர் பட்ட மாணவர் சேர்க்கையை நிறுத்திவைப்பதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தது. ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு துறைக்கும் மின்னஞ்சல் அனுப்பி, அந்த ஆண்டு மாணவரைச் சேர்க்கிறார்களா, எத்தனை ஆண்டுக்கு நிதி உறுதி என்று கேட்பது அவசியம். அரசு நிதி வற்றும்போது நிலைத்து நிற்பவை அறக்கட்டளை வைப்புநிதிகள். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பாரசீக ஆய்வு நிறுவனம் அப்படிப்பட்ட நன்கொடையால் வளர்ந்தது. நம்மவர்களின் கொடையில் பெர்க்லியிலும், பின்னர் தமிழக அரசின் பத்துக் கோடி ரூபாயும் சேர்ந்து ஹார்வர்டிலும் அமைந்த தமிழ் இருக்கைகளும் அத்தகையவையே.

மொழியை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். உதவித்தொகைப் பட்டியலைப் பார்த்து மொழியைத் தேர்ந்தெடுத்தவரைத் தேர்வுக்குழு எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும். அவருக்கே இரண்டாம் ஆண்டில் சலிப்பு வந்துவிடும். அதைவிட முக்கியமாக, உங்கள் மகளின் ஆய்வுக்குப் பாரசீகம் இன்றியமையாதது. ஆற்காட்டு நவாபுகளின் அரசவையில் பாரசீகம் கோலோச்சியது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் தமிழ் ஏடுகளோடு பாரசீகச் சுவடிகளும் இருக்கின்றன. இரண்டையும் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் மிக அரிது. இதைத்தான் அவர் விண்ணப்பத்தோடு தரும் தம் நோக்க அறிக்கையில் எழுத வேண்டும். 'பாரசீகக் கவிதையின் இனிமை சிறு வயதிலிருந்தே என்னைக் கவர்ந்தது' என்று தொடங்கும் அறிக்கைகளைத் தேர்வுக்குழு கட்டுக்கட்டாகப் பார்க்கிறது. 'நவாபின் அலுவலகம் வரிவசூல் பற்றிப் பாரசீகத்தில் எழுதியதையும், அதே ஊர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க விரும்புகிறேன். அதற்கு எனக்கு இன்னும் இரண்டாண்டுப் பாரசீகமும் கையெழுத்துச் சுவடிப் பயிற்சியும் தேவை' என்று எழுதினால், பணம் எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்பது ஒரே வாக்கியத்தில் விளங்கிவிடும்.

தமிழுக்கே உதவித்தொகை என்ற கேள்விக்கு: ஃப்ளாஸின் முன்னுரிமை மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு. ஆனால் ஏற்கெனவே முழுத் தேர்ச்சி உள்ள மொழிக்கு அது தரப்படுவதில்லை. பேச வந்து, படிக்க வராத உங்கள் மகளின் நிலை வேறு. மொழித் தேர்ச்சி எந்த நிலையில் இருக்கிறது என்று அறியும் நிலைத்தேர்வை மையத்தில் எழுதிப் பார்க்கலாம். உதவித்தொகை கிடைக்கிறதோ இல்லையோ, தமிழைப் படிக்கக் கற்பது அவருடைய ஆய்வுக்குக் கட்டாயம். 1961-இல் தொடங்கப்பட்ட இந்தியவியலுக்கான அமெரிக்க நிறுவனம் மதுரையில் தமிழ் கற்பிக்கிறது. அங்கே ஒரு கோடை தங்கிப் படிப்பது ஆறு மாத வரம்புக்குள் அடங்கும் என்பதால் குடியுரிமைக்கும் இடையூறில்லை. அதுவரை, வீட்டில் தினமும் அரைமணி நேரம் அவரோடு உட்கார்ந்து பழைய நிலப்பத்திரம், கடிதம் ஏதாவது இருந்தால் படிக்க வையுங்கள். இதற்கு எந்த அரசின் ஒப்புதலும் தேவையில்லை.

பொருளாதாரத்துக்கு மாறுவது பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். விருப்பம் இருந்தால் அதைத் துணைப்பாடமாக எடுக்கலாம். வரிவசூல் ஆவணங்களை ஆராய்பவருக்குக் கணக்கு தெரிந்திருப்பது நல்லதுதான். வரலாற்றை விட்டுவிட்டு அதற்குப் போக வேண்டும் என்பதற்கான காரணம் எதையும் உங்கள் கடிதத்தில் நான் காணவில்லை.

பணம் வரும்போது கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள். வெளியிலிருந்து ஓர் உதவித்தொகை வந்தால், மொத்த உதவி படிப்புச் செலவைத் தாண்டக் கூடாது என்ற விதியால், பல்கலைக்கழகம் தான் தந்துகொண்டிருந்த தொகையைக் குறைக்கக்கூடும். ஏற்கும் முன் நிதியுதவி அலுவலகத்தில் கேட்டு, குறைப்பது கடனாக இருக்கட்டும், இலவச உதவியாக வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளுங்கள். மற்றொன்று வரி: கல்விக் கட்டணத்துக்குப் போகும் பகுதிக்கு வரியில்லை, வாழ்க்கைச் செலவுக்கான தொகை வரிக்கு உட்பட்டது, பெரும்பாலும் வரி பிடிக்கப்படாமலேயே கைக்கு வரும். அதில் ஒரு பங்கை முதல் மாதத்திலிருந்தே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பாரசீக ஆசிரியரிடம் அவர் இந்தப் பருவம் முடிவதற்குள் பேசட்டும். எல்லா விண்ணப்பங்களுக்கும் மொழி ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். சிறிய துறைகளில் ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் மொழி ஆசிரியர்களே நிதி வெட்டில் முதலில் வேலை இழக்கிறார்கள். ஆசிரியர் வேறிடம் போனாலும் தொடர்புகொள்ளும்படி, பல்கலைக்கழகத்துக்கு வெளியே அவர் பயன்படுத்தும் மின்னஞ்சல் முகவரியை இப்போதே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.