பூட்டு மார்ச்சில் வந்தது, திருடன் மே மாதம் வந்தான்

கேள்வி: சைபர் தாக்குதல் பெருகுவதற்குக் காரணம் மென்பொருள் ஓட்டையா, மனிதர்களின் அசட்டையா? (ஈரோடு வாசகர்)

பதில்: பெரும்பாலும் இரண்டும் கைகோத்தே வருகின்றன. 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை என்ற தீய மென்பொருளைப் பாருங்கள். விண்டோஸில் கோப்புகளைப் பகிர உதவும் எஸ்எம்பி 1 என்ற பழைய நெறிமுறையின் ஓட்டை வழியே அது புகுந்தது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை; அந்த நெறிமுறைக்கான வாசலாகிய 445ஆம் போர்ட் திறந்திருந்தால் கணினிக்குக் கணினி தானே தாவியது. கோப்புகளைப் பூட்டி, திறந்துவிட 300 டாலரை பிட்காயினாகக் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளையே தள்ளிவைத்தன. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது!

அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர். பழைய இயந்திரத்தோடு வந்த மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். அப்படியானால் அந்தக் கணினிக்கு இணையத் தொடர்பே கொடுக்காதீர்கள். மற்ற கணினிகளில் கண்ட்ரோல் பேனலின் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் எஸ்எம்பி 1.0 டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய ஸ்கேனர் ஏதாவது ஷேர் ஃபோல்டருக்குப் படம் அனுப்ப மறுக்கலாம். அதற்காக டிக்கைத் திரும்பப் போட்டுவிடாதீர்கள்.

2021இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எண்ணெய்க் குழாயை முடக்க இவ்வளவு வித்தைகூடத் தேவைப்படவில்லை. வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் விபிஎன்னில் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கணக்கு, அதற்கு வெறும் பாஸ்வேர்டு, ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. நிறுவனம் திருடர்களுக்குக் கொடுத்த பணம் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

கேள்வி: கடைக் கணக்கைத் தினமும் பென் டிரைவில் எடுக்கிறேன். போதாதா?

பதில்: டிரைவ் கணினியிலேயே செருகியிருந்தால், வான்னாக்ரை போன்ற தாக்குதலில் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். இரண்டு டிரைவ் வைத்து மாற்றி மாற்றி எடுங்கள், எடுத்ததும் கழற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை வேறு கணினியில் திறந்து பாருங்கள்.

கேள்வி: ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை. பணம் எப்படிப் போனது?

பதில்: வாட்ஸ்அப்பில் அபராத ரசீது, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வந்த ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) நிறுவினீர்களா? எஸ்எம்எஸ் படிக்க அதற்கு அனுமதி கொடுத்திருந்தால் ஓடிபியை அதுவே திருடனுக்கு அனுப்பிவிடும். உடனே ஏர்பிளேன் மோடைப் போட்டு, வைஃபை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐயும் வங்கியையும் அழையுங்கள். செயலி நீங்க மறுத்தால், போன் செட்டிங்ஸில் உள்ள 'டிவைஸ் அட்மின்', 'அக்சஸிபிலிட்டி' இரண்டிலும் அதன் அனுமதியை எடுத்துவிட்டுப் பிறகு நீக்குங்கள்.