பட்டை ஏன் எழும்பவில்லை?

கணினி கேள்வி - பதில்

கேள்வி: சார், வணக்கம். பாம்பன் பக்கம் நாங்கள் பன்னிரண்டு பெண்கள் குழுவாகச் சேர்ந்து கருவாடு போடுகிறோம். கணக்கு எழுதுவது நான். என் மகள் சொல்லிக்கொடுத்ததால் போன வருஷக் கணக்கை கூகுள் ஷீட்ஸில் ஏற்றிவிட்டேன். கடன் விஷயமாக வங்கிக்குப் போகும்போது மாதாமாதம் எத்தனை கிலோ காய்ந்து வந்தது என்று படமாகக் காட்டலாம் என நினைத்து பார் சார்ட் போட்டால், கீழே மாதங்களின் பேர் மட்டும் வருகிறது, பட்டை ஒன்றுகூட எழும்பவில்லை. நெத்திலி, சூடை, வாளை மூன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். எங்கே தப்பு?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தப்பு படத்தில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் '42 கிலோ', '36 கிலோ', ஓரிடத்தில் '40கி' என்று அடித்திருக்கிறீர்கள். நோட்டில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம், படிப்பவருக்கும் புரிந்துவிடும். ஆனால் ஷீட்ஸில் எண்ணோடு ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டால் போதும், அந்தக் கட்டம் முழுவதும் அதற்கு வெறும் சொல்தான். 'நெத்திலி' என்ற சொல்லுக்கு எப்படிப் பட்டை போட முடியாதோ, அப்படியே '42 கிலோ'வுக்கும் போட முடியாது. இதைக் கண்ணாலேயே பிடிக்கலாம்: நாம் எதையும் மாற்றாதவரை எண் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், சொல் இடது ஓரத்தில் நிற்கும். உங்கள் படத்தில் எல்லாமே இடது ஓரம்.

பன்னிரண்டு மாதம், மூன்று மீன், ஆக 36 கட்டம். குறுக்கு வழிகள் இருக்கின்றன, ஆனாலும் இந்த ஒரு தடவை நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையாலேயே திருத்துங்கள் என்றுதான் சொல்வேன், ஏற்றியதில் பிழை ஏதாவது இருந்தால் அதுவும் அப்படியே தெரிந்துவிடும். கட்டத்தில் 42 என்று மட்டும் இருக்கட்டும். கிலோ என்பதை முதல் வரியில் தலைப்போடு சேர்த்து 'நெத்திலி கிலோ', 'சூடை கிலோ' என்று எழுதிவிடுங்கள். '5-6' என்று தோராயமாக எங்கேயும் அடித்துவிடாதீர்கள், அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் கடைசியில் 'மொத்தம்' என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, படத்துக்குத் தேர்ந்தெடுக்கும்போது அதை விட்டுவிடுங்கள். சேர்த்துவிட்டால் அந்த மொத்தம் ஒன்று மட்டும் பாம்பன் கலங்கரை விளக்கம் மாதிரி உயர்ந்து நிற்கும், மாதங்கள் எல்லாம் தரையோடு தரையாகக் கிடக்கும்.

இனி படம். ஏ1 கட்டத்திலிருந்து டி13 வரை இழுத்துத் தேர்ந்தெடுங்கள், தலைப்பு வரியும் மாதப் பேர்களும் அதற்குள் வர வேண்டும். மேலே இன்சர்ட் மெனுவில் சார்ட் என்று இருக்கும், அழுத்தினால் படம் ஒன்று தானாக வந்து விழும், வலது பக்கம் அதைத் திருத்தும் பகுதி திறக்கும். அதில் செட்டப், கஸ்டமைஸ் என்று இரண்டு தலைப்புகள். செட்டப்பில் சார்ட் டைப் என்ற இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். நாம் நிற்பதையும் படுப்பதையும் பார் சார்ட் என்றே சொல்கிறோம். ஷீட்ஸில் தூண் மாதிரி நிற்பதற்குப் பேர் காலம் (Column) சார்ட், படுத்திருப்பதற்குத்தான் பார் சார்ட். மாதக் கணக்குக்கு நிற்பதே நல்லது, இடமிருந்து வலமாக மாதம் நகர்வது கண்ணுக்குப் பழக்கம். மாதத்தை விட்டுவிட்டு பத்துப் பதினைந்து மீன் வகைகளை ஒப்பிடுவதாக இருந்தால் படுத்திருப்பதைப் போடுங்கள், பேர்கள் சாயாமல் நேராக நின்று படிக்க வரும்.

மாதங்களுக்குப் பதிலாக மீன்களின் பேர் கீழே வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். செட்டப்பில் கடைசியில் 'ஸ்விட்ச் ரோஸ் / காலம்ஸ்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதை டிக் செய்தால் திரும்பிவிடும். கஸ்டமைஸுக்குப் போய் வெர்ட்டிகல் ஆக்ஸிஸில் (பக்கத்தில் நிற்கும் அச்சு, அதாவது அளவுக்கோடு) மினிமம் 0 என்று கொடுத்துவிடுங்கள். இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். பட்டையின் உயரம்தான் கணக்கு. அச்சு 30-இல் தொடங்கினால் 42 கிலோ 36 கிலோவைப் போல இரண்டு மடங்கு உயரமாக நிற்கும், அது பொய்.

சரி, பட்டை எழும்பிவிட்டது. ஆனால் நான் சொல்ல நினைத்ததே இனிமேல்தான். உங்கள் அட்டவணையில் மே மாதத்துக்கு எதிரே சூடையிலும் வாளையிலும் 'இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். நமக்குப் புரியும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகில் வருவதுதான் வரும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பவர் கடற்கரையையே அறியாத ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவராக இருக்கலாம். ஏப்ரலில் பாதி, மேயில் இரண்டு மீனுக்குப் பட்டையே இல்லை, ஜூனில் பாதி என்று பார்த்ததும் 'இந்தக் குழு நடுவில் படுத்துவிட்டது' என்றுதான் அவருக்குத் தோன்றும். நீங்கள் ஒழுங்காக எழுதிய கணக்கே உங்களுக்கு எதிராகப் பேசிவிடக் கூடாது. 'இல்லை' என்பதை எடுத்துவிட்டு 0 போடுங்கள். கஸ்டமைஸில் படத்தின் தலைப்புக்கு அடியில் துணைத் தலைப்பு போட இடம் இருக்கிறது, அங்கே 'ஏப்ரல் 15 - ஜூன் 14 மீன்பிடித் தடைக்காலம்' என்று எழுதிவிடுங்கள்.

உங்கள் கணக்கில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அங்கே காரணம் வேறு. வடகிழக்குப் பருவமழை, வெயில் இல்லை, மீன் வந்தாலும் காய வைக்க வழியில்லை. ஒன்று மீன் வராததால் வந்த பள்ளம், மற்றது வெயில் அடிக்காததால் வந்த பள்ளம், படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன. கடன் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ஒருவேளை சூரிய உலர்த்திக்குத்தான் என்றால், இந்த மழைக்காலப் பள்ளத்தைவிட நல்ல ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது. மூன்று மீனையும் கூட்டி மாத மொத்தத்துக்கு என்று தனியாக இன்னொரு படம் போடுங்கள். கஸ்டமைஸில் சீரீஸ் பகுதியில் ஒரே ஒரு பட்டைக்கு மட்டும் தனி நிறம் கொடுக்கலாம். தடைக்கால மாதங்களுக்குச் சாம்பல் நிறம், மழை மாதங்களுக்கு நீலம், மற்றதற்கு எல்லாம் ஒரே நிறம் என்று வைத்து, எந்த நிறம் எதற்கு என்று துணைத் தலைப்பில் எழுதிவிட்டால் வங்கிக்காரர் கேள்வி கேட்கும் முன்பே பதில் அவர் கண் முன்னால் இருக்கும்.

ஒரு வருஷக் கணக்குதானே இருக்கிறது, படம் போடும் அளவுக்குப் போதுமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போதும். 1786-இல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்து மற்ற நாடுகளுடன் செய்த வியாபாரத்தை வருஷ வருஷமாகக் கோடாக வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் அவர் கையில் ஒரே ஒரு வருஷத்துக் கணக்குதான் இருந்தது. கோடு இழுக்க வழியில்லாமல் 17 இடங்களுடன் நடந்த ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாம் இன்று போடும் பட்டைப் படம் அங்கிருந்து வந்ததுதான்.

கேள்வி: என் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மிதவையில் கப்பாபாசி என்ற கடல்பாசி வளர்க்கிறார்கள். 45 நாளுக்கு ஒரு அறுவடை. பச்சை எடை, காய்ந்த எடை இரண்டையும் ஒரே படத்தில் போட்டால் காய்ந்த எடையின் பட்டை கண்ணுக்கே தெரியவில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் போடலாமா?
- ஒரு வாசகர், மண்டபம்

பதில்: அடுக்காதீர்கள். காய்ந்த பாசி அந்தப் பச்சைப் பாசியிலிருந்து வந்ததுதான், மேலே மேலே அடுக்கினால் ஒரே பாசியை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். பச்சையில் ஏறக்குறைய பத்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ என்பது உங்களுக்கே தெரியும், அதனால் பட்டை குட்டையாகத்தான் இருக்கும். காய்ந்த எடைக்கு வலது பக்கம் தனி அச்சு கொடுக்க ஷீட்ஸில் வசதி உண்டு. எனக்கு அது பிடிக்காது, இரண்டு அளவுகோலை ஒரே படத்தில் வைத்தால் அவசரமாகப் பார்ப்பவர் இரண்டும் சமம் என்று நினைத்துவிடுவார். இரண்டு தனிப் படமாகப் போட்டு மேலும் கீழுமாக வையுங்கள். அறுவடைத் தேதிகளை அப்படியே கொடுத்தால் பட்டைகள் ஈர்க்குச்சி போல மெலிந்து வரும், நடுவில் இருக்கும் 45 நாளுக்கும் ஷீட்ஸ் இடம் விடுவதால் வருவது அது. கஸ்டமைஸில் ஹாரிஸான்டல் ஆக்ஸிஸுக்குப் போய் 'ட்ரீட் லேபல்ஸ் ஆஸ் டெக்ஸ்ட்' என்பதை டிக் செய்யுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: கம்ப்யூட்டர் இல்லை, போன் மட்டும்தான். முடியுமா?
- ஒரு மாணவி, கீழக்கரை

பதில்: முடியும். ஷீட்ஸ் ஆப்பில் கட்டங்களை இழுத்துத் தேர்ந்தெடுத்து மேலே உள்ள கூட்டல் குறியைத் தொட்டால் சார்ட் வரும். வகை, தலைப்பு, நிறம் எல்லாம் அங்கேயே மாற்றிக்கொண்டு டிக் குறியைத் தொடுங்கள். நிறைய நுணுக்கம் வேண்டுமென்றால் ஒரு நாள் தோழி வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே மெயிலில் நுழைந்து முடித்துவிடலாம், கோப்பு அங்கேயும் அப்படியே இருக்கும். கடற்கரையில் சிக்னல் போய்விடும் என்றால் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே கோப்பின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ஆஃப்லைனில் கிடைக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எண்ணைத் திருத்தினால் ஷீட்டில் உள்ள படம் தானாக மாறும், ஏற்கெனவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிய படம் மாறாது. அதனால் தலைப்பிலேயே தேதியைப் போட்டு அனுப்புங்கள்.